கல் மாதிரி ஒரு பெடல்

அத்தைக்கு நாளை மறுநாள் முதுகில் ஆபரேஷன். நாளைக்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மருத்துவமனை மலைக்குக் கீழே, நகரத்தில் இருக்கிறது. அத்தையால் உட்கார முடியாது. படுத்தபடியேதான் போக வேண்டும். ஆம்புலன்ஸைக் கேட்டதற்கு, அவசரக் கேஸ் என்றால்தான் மேலே வருவோம் என்று சொல்லிவிட்டார்கள். அத்தையின் மகன், என் கணவருக்குக் கப்பலில் வேலை. இப்போது நடுக்கடலில் இருக்கிறார்.

எங்களிடம் படுக்கை உள்ள வண்டி ஒன்று இருந்தது. மாமா ஓய்வு பெற்றதும் வாங்கிய மோட்டார்ஹோம். அத்தை படுத்த படுக்கையானதிலிருந்து, இரண்டு வருடத்துக்கும் மேலாக, வீட்டை ஒட்டிய கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. மாமா பேட்டரியை மாற்றினார், டயர்களைத் தட்டிப் பார்த்தார். பிறகு பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். உள்ளே ஆயில் ஆறிப்போன டீ நிறத்தில் இருந்தது.

அத்தையின் கட்டில் ஜன்னலை ஒட்டியது. அங்கிருந்து குரல் வந்தது.

"ஓடாத வண்டிக்கு எதுக்குங்க புது ஆயில்?"

"வண்டி ஓடலைன்னாலும் வருஷம் ஓடுதே. காத்துல இருக்கிற ஈரத்தை இது குடிச்சுக்கிட்டே இருக்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தியே ஆகணும். இல்லன்னா இறக்கத்துல பிரேக் சூடாகும்போது அந்தத் தண்ணி கொதிச்சு ஆவியாயிடும். காலை வச்சா பஞ்சுல வச்ச மாதிரி உள்ள போகும்."

"தெரியாம கேட்டுட்டேன். பாடத்தை நிறுத்துங்க."

மெக்கானிக் கடையின் கூரை தாழ்வு. இந்த வண்டி உள்ளே நுழையாது. வீட்டுக்கு வந்து செய்ய அடுத்த வாரம்தான் முடியும் என்றார். அதனால் நாங்களே மாற்றுவது என்று முடிவாயிற்று. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்த வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் ஸ்பேனரோடு இருக்க வேண்டும்.

"நான் கீழ இருக்கேன் மாமா. நீங்க சீட்ல உட்காருங்க," என்றேன்.

"நீ மேல ஏறும்மா. கீழ எல்லாம் அழுக்கு."

என்மேல் நம்பிக்கை இல்லை போல என்று நினைத்துக்கொண்டு ஏறினேன்.

முதலில் பழைய ஆயிலை டப்பாவிலிருந்து உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றினார். டப்பா காலியாகிவிடக் கூடாது என்று அவ்வப்போது வந்து நிரப்பினார். ஒரு சொட்டு பெயின்ட்டில் பட்டதற்கு உடனே தண்ணீர் விட்டுக் கழுவினார். தூரத்தில் இருக்கும் பின்சக்கரத்திலிருந்து தொடங்கினோம். சக்கரத்துக்கு உள்பக்கம், ஸ்பேனரால் திறந்து ஆயிலை வெளியே விடும் சின்ன நிப்பிள் ஒன்று உண்டு. அதில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டிருந்தார்.

"அழுத்து."

"அழுத்திட்டேன்."

நிப்பிளைத் திறப்பார். பெடல் கீழே போகும். அப்படியே வைத்திருக்க வேண்டும். அவர் மூடிவிட்டு "விடு" என்ற பிறகுதான் காலை எடுக்கலாம். முன்னாலேயே எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். ஆயிலை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். காற்று இருந்தால் பெடல் கல் மாதிரி நிற்காமல் மெத்தென்று இறங்கும்.

இரண்டு பின்சக்கரமும் முடிந்தன. குழாயில் டீ நிறம் போய்த் தேன் நிறம் வந்தது. மூன்றாவது சக்கரத்தில் பெடல் கீழே இருந்தபோது அத்தை கூப்பிட்டார். தண்ணீர் வேண்டும் போல. இரண்டு வருடமாக அந்தக் குரலுக்கு எழுந்து பழகிய கால். தானாக எழுந்துவிட்டது.

"மாமா, காலை எடுத்துட்டேன்."

"பரவால்ல, போய்ப் பாரு. கொஞ்சந்தான் போயிருக்கும்."

திரும்பி வந்து அந்தச் சக்கரத்தையும் அடுத்ததையும் முடித்தோம். கடைசியாக ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். எதிலும் முட்டாமல் கால் இறங்கிக்கொண்டே போனது.

"மெத்துனு இருக்கு மாமா."

"தள்ளு, நான் பாக்கறேன்."

கையைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நான் கதவருகே நின்றேன். அவர் முன்கண்ணாடி வழியாக வெளியே பார்த்தபடி அழுத்தினார்.

"கல்லு மாதிரி இருக்கு. உனக்குப் பயம்."

அவர் ஷூவைப் பார்த்தேன். பெடலோடு இறங்கி, தரை விரிப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை அழுத்துங்க மாமா."

அழுத்தினார். மறுபடியும் தரை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"கல்லுதான்," என்றார்.

"கீழ பாருங்க மாமா."

பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார்.

"அத்தைகிட்ட சொல்லிடாத."

"எப்போலேர்ந்து?"

"போன மழைக்கு முன்னாடி. சக்கரை ஏறினதுலேர்ந்து. ரெண்டு பாதமும் ஏதோ மரக்கட்டை மாதிரி."

"டாக்டருக்குத் தெரியுமா?"

"ஓட்டக் கூடாதுன்னு சொல்லிடுவாரே. நாளைக்கு இவளை யாரு கூட்டிட்டுப் போறது? தேதியை விட்டா அடுத்தது எப்போன்னு கடவுளுக்குத்தான் தெரியும். பதினஞ்சு மைல் இறக்கம். எனக்குக் கண்ணு இருக்கு. வண்டி நிக்குதா இல்லையான்னு பாத்தா தெரியாதா?"

"இப்ப தெரியலையே மாமா."

அவர் இறங்கிவிட்டார்.

மூன்றாவது சக்கரத்தை மறுபடியும் செய்தோம். குழாயில் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவை நின்ற பிறகும் நான் விடவில்லை, நான்கு சக்கரத்தையும் திரும்பச் செய்ய வைத்தேன். இப்போது எவ்வளவு அழுத்தினாலும் பெடல் மேலேயே நின்றது. அத்தை இருமுறை கூப்பிட்டார். "ஒரு நிமிஷம் அத்தை," என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன்.

"நாளைக்கு நான் ஓட்டறேன் மாமா."

"நீ ஓட்டினது டப்பா கார்."

"லைசென்ஸ் இதுக்கும் செல்லும்."

"லைசென்ஸ் காகிதம். மலை காகிதமா?"

ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாயங்காலம் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தெருவில் நாலு முறை ஓட்டினேன். வண்டியின் பின்பாதி என் பேச்சைக் கேட்கவில்லை. திருப்பத்தில் பக்கத்து வீட்டுச் செடித்தொட்டி ஒன்று போயிற்று. பிரேக் மட்டும் பிடித்தது.

அத்தை ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

"இவ ஏன் ஓட்டறா?"

"ஆசைப்படறா. நாளைக்கும் அவளே ஓட்டட்டும்," என்றார் மாமா.

"தொட்டியை உடைச்சவளா? என்னால எந்திரிச்சு எதையும் பிடிச்சுக்கக்கூட முடியாது. நீங்களே ஓட்டுங்க. எத்தனை ஊருக்கு உங்க காலை நம்பி வண்டியில தூங்கிக்கிட்டே வந்திருக்கேன்."

மாமா தன் ஷூவைப் பார்த்தார். சொல்லாதே என்று கேட்டவர் அவர். நாளை பின்னால் படுத்திருக்கப் போவது அத்தை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் மாமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஷூவையும் சாக்ஸையும் கழற்றினார். வலது காலைத் தூக்கி அத்தையின் கைக்கு எட்டும்படி வைத்தார்.

"கிள்ளு."

"என்னங்க இது, மருமக முன்னாடி."

"கிள்ளேன்."

அத்தை சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். மாமா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அத்தையின் விரல்கள் கால் கட்டைவிரலுக்குக் கீழே சதையைப் பிடித்தன. முதலில் விளையாட்டாக. பிறகு நகம் வெளுக்கும் அளவுக்கு.

"கிள்ளுன்னா கிள்ள மாட்டியா," என்றார் மாமா சுவரைப் பார்த்தபடி.

அத்தையின் சிரிப்பு நின்றது. கையை எடுக்கவில்லை. அங்கிருந்தே என்னைப் பார்த்தார்.

"இறக்கத்துல எந்த கியர்ல போவ?"

"ரெண்டாவது. பிரேக்கை விட்டு விட்டுத்தான் பிடிப்பேன்."

"செடித்தொட்டி?"

"அது திருப்பம் அத்தை."

"மலையிலயும் திருப்பம் இருக்கு," என்றார். பிறகு மாமாவின் காலைத் தன் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.