பூட்டிய வீட்டில் தண்ணீர்

ஏழாம் எண் வீட்டு வாசலில் தண்ணீர் மீட்டர்க் குழியின் இரும்பு மூடியைக் கொக்கியால் நெம்பித் தூக்கியபோது மீட்டர்காரன் எதையும் எதிர்பார்க்கவில்லை. கதவில் அரசாங்க முத்திரை ஒட்டிய வீடு. போன மாதத்து எண்ணையே எழுதிவிட்டு எட்டாம் எண்ணுக்குப் போய்விடலாம். பழக்கதோஷத்தில் கண்ணாடிமேல் படிந்திருந்த மண்ணைக் கட்டைவிரலால் துடைத்தான். உள்ளே சின்னச் சிவப்பு முள் சுற்றிக்கொண்டிருந்தது. குழாய்க் கசிவு என்றால் முள் இழுத்து இழுத்து நகரும். இது அப்படியில்லை, ஒரு ஆள் நிதானமாகக் குளிக்கிற வேகம். பதினெட்டு வருடமாக ஊரார் வீட்டுத் தண்ணீரைப் பார்க்கிறவனுக்கு அது தெரியும். குத்தவைத்தபடியே பார்த்தான். முள் நின்றது. சோப்புப் போட்டு முடிக்கிற அளவு நேரம் கழித்து மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

காலை பதினோரு மணி. உச்சந்தலையைப் பொசுக்குகிற வெயில். அவன் பூட்டிய கதவைத் திரும்பிப் பார்த்தான்.

அந்த வீடு காலியானதற்கு அவன் வாய்தான் காரணம். அதை அவன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதோ இல்லையோ, எல்லை தாண்டி வந்தவர்களைப் பற்றிய சண்டை கட்டாயம் இருக்கும். அக்கா புருஷனுக்கு வெல்டிங் பட்டறை. வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அத்தான் கட்சி; வந்தவனும் மனுஷன்தானே என்பது இவன் கட்சி. அத்தான் கல்நெஞ்சக்காரர் இல்லை. அப்பா படுக்கையில் விழுந்தபோது எட்டு மாதம் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியது பெற்ற பிள்ளையான இவன் இல்லை, அத்தான்தான். அதனாலேயே இந்த விஷயத்தில் அவர் பேசுவதைக் கேட்டால் இவனுக்குக் கூடுதலாக எரியும்.

"என் பட்டறைல ரெண்டு பேர் பதினஞ்சு வருஷம் வேலை பாத்தாங்க மாப்ள. இப்ப வீட்ல சும்மா உக்காந்திருக்காங்க. பாதிக் கூலிக்கு ஆள் வந்தா எனக்கு எவன் ஆர்டர் குடுப்பான்? நான் யாரையும் திட்டல. வாசல் வழியா வா, வரிசைல நில்லு, பேப்பரைக் காட்டு. அவ்வளவுதான் கேக்கறேன்."

"வாசலைச் சாத்திட்டு வாசல் வழியா வான்னா எப்படி அத்தான்? நம்ம சின்ன மாமா கப்பலேறிப் போகலையா?"

"அவரு பேப்பரோட போனாரு."

"அந்தப் பேப்பர்ல யாரு பேர் இருந்துச்சுன்னு அக்காவைக் கேளுங்க."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சாப்பிடற நேரத்துல செத்தவரை எதுக்கு இழுக்கறீங்க?" என்றாள்.

அத்தான் சிரிக்கவில்லை. "உனக்கு என்னடா தெரியும்? அவனுங்க நல்லாத்தான் இருக்கானுங்க. நாமதான் தேயறோம்."

அங்கேதான் இவனுக்கு நாக்குப் புரண்டது. ஒரு தடவையாவது அந்த மனிதரை வாயடைக்க வைத்துவிட வேண்டும் என்கிற வெறி. "நல்லா இருக்காங்களா? நான் மீட்டர் பாக்கற லைன்லயே ஏழாம் நம்பர் வீடு. பதிவுல நாலு பேரு. உள்ள இருக்கறது இருபத்தொரு பேரு. ஒரே ஒரு கக்கூஸ். முறை வெச்சுத் தூங்கறாங்க. போய் ஒரு நாள் இருந்து பாருங்க, தெரியும்."

அத்தானின் கை தட்டிலேயே நின்றது. "எத்தனை பேருன்ன?"

அன்றைக்கு ஜெயித்துவிட்டதாகத்தான் இவன் நினைத்தான். இருபத்தொன்று என்பது ஊகம் இல்லை. அந்த வீட்டுத் தாடிக்காரன் ஒருநாள் வெயிலில் நின்றிருந்த இவனை உள்ளே அழைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, பாஷை தெரியாததால் பத்து விரலை இரண்டு முறை விரித்துக் காட்டி, பிறகு ஒற்றை விரலைத் தன் நெஞ்சில் வைத்துச் சிரித்திருந்தான்.

ஒன்பதாம் நாள் இரண்டு அரசாங்க வண்டிகள் வந்தன. எதிர்வீட்டுத் தையற்காரம்மாதான் பார்த்தார். "சத்தமே இல்ல தம்பி. ஒருத்தர்கூட அழல. வரிசையா வந்து ஏறுனாங்க, நான் எண்ணுனேன், இருபது பேரு. செருப்புகூடப் போட விடல." வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. பிறகு யாரோ அவற்றையும் அள்ளிப் போய்விட்டார்கள்.

இப்போது மூடியைப் போட்டுவிட்டு இவன் நேரே பட்டறைக்குப் போனான். அத்தான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"யார்கிட்ட சொன்னீங்க அத்தான்?"

எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. "பட்டறைச் சங்கத்துல பேச்சு வந்துச்சு. நீ சொன்னதைத்தான் சொன்னேன்."

"நான் பாவம்னு சொன்னேன்."

"நானும் பாவம்னுதான்டா ஆரம்பிச்சேன்." துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த எண்ணிக்கையை அவருக்குக் கொடுத்தவன் இவன்தானே?

"அந்த வீட்ல மீட்டர் ஓடுது" என்றான்.

"பைப் உடைஞ்சிருக்கும்" என்று சொல்லிப் பெரிய ஸ்பானரை எடுத்துக்கொண்டு அத்தான் கூடவே வந்தார்.

வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். முன்கதவில் முத்திரைத் தாள் கிழியாமல் இருந்தது. பின்கதவில் பூட்டு, அதன்மேல் சிலந்தி வலை. ஜன்னல்களில் கம்பி; உள்ளே பலகை அடித்திருந்தது. குளியலறைச் சுவர் பின்பக்கத்துக் குறுகிய சந்தைப் பார்த்தபடி இருந்தது. அத்தான் சுவரில் காதை வைத்தார். இரும்போடு பழகியவர், எந்தக் குழாயில் என்ன ஓடுகிறது என்று தொட்டே சொல்லிவிடுவார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் இருந்த அலட்சியம் கழன்று விழுவதை இவன் பார்த்தான். தானும் காதை வைத்தான். தண்ணீர் மக்கில் நிரம்புகிற சத்தம். ஊற்றுகிற சத்தம். நடுவே மூச்சு வாங்குவதுபோல ஒரு இடைவெளி.

அத்தான் ஸ்பானரால் சுவரை மூன்று தட்டுத் தட்டினார். "யாரு?"

சத்தம் அப்படியே நின்றது. வந்த பாதியில் வெட்டியதுபோல. பிறகு, குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று கவனமாக யாரோ கடைசியாக ஒரு முறை இறுக்குவதுபோல, ஒரு மெல்லிய கிறீச்.

மீட்டர்காரன் வாசலுக்கு ஓடிப்போய் மூடியைத் தூக்கிப் பார்த்தான். முள் அசையவில்லை.

அவன் திரும்பி வந்து, "தாடிக்காரன் சொன்னது இருபத்தொண்ணு, அத்தான். வண்டில ஏறுனது இருபது" என்றான்.

"அந்தம்மா தப்பா எண்ணியிருக்கும்." அத்தான் சுவரைவிட்டு ஒரு அடி தள்ளி நின்றார். "இன்னைக்கோட எத்தனை நாளாச்சு?"

"பதினேழு."

"மனுஷனா இருந்தா பதினேழு நாளா என்னத்தைத் தின்னு இருப்பான்?"

முத்திரை போட்ட வீட்டில் தண்ணீர் ஓடினால் உடனே ஆபீசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். அவர்கள் அன்றைக்கே வந்து பூட்டை உடைப்பார்கள். நோட்டைத் திறந்தான். "என்ன எழுதப்போற?" என்றார் அத்தான். போன மாதத்து எண்ணையே திரும்ப எழுதி, 'வீடு காலி' என்று குறித்தான். பதினெட்டு வருடத்தில் அவன் எழுதிய முதல் பொய். அத்தான் அதை எட்டிப் பார்த்தார். ஸ்பானரை மார்போடு அணைத்தபடி முன்னே நடந்தார்.

அடுத்த ஞாயிறு அக்கா வீட்டில் சண்டை இல்லை. டிவியும் ஓடவில்லை. "என்ன, ரெண்டு பேர் நாக்கையும் பூனை தூக்கிட்டுப் போயிடுச்சா?" என்று அக்கா கேட்டுப் பார்த்தாள். அத்தான் பாதியில் எழுந்து கை கழுவப் போனார். குழாயை மூடிய பிறகும் ஈரக் கையோடு அங்கேயே நின்று தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். "என்னங்க?" என்றாள் அக்கா. "ஒண்ணுமில்ல" என்றார்.

செவ்வாய்க்கிழமை மீட்டர்காரனுக்கு அந்தத் தெருவில் வேலை இல்லை. இருந்தும் போனான். பின்பக்கச் சந்தில் நுழைந்தவன் குளியலறை ஜன்னலுக்குக் கீழே நின்றுவிட்டான். பலகை அடித்தபடியே இருந்தது, கம்பிகளும் இருந்தன. வெளித் திட்டில் ஒரு டிபன் கேரியர். கைப்பிடி உடைந்து பற்றவைத்தது. அந்த வெல்டிங் தழும்பை எங்கே பார்த்தாலும் அவனுக்குத் தெரியும், அக்கா தினமும் பட்டறைக்குக் கொடுத்தனுப்புவது. மூன்று அடுக்குகளும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. திட்டு முழுக்கத் தூசி. அடுக்குகளைச் சுற்றி மட்டும் ஈரம், வெயிலில் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டிருந்தது.