மெத்தைக்குப் பாதுகாப்பு

சீட்டு வாங்கிக்கொண்டு குதிக்க வேண்டும் என்று முதலில் எவனுக்குத் தோன்றியதோ, அவன் நன்றாக இருக்கட்டும். பிள்ளைகள் கட்டிலில் குதித்தால் முதுகில் ஒன்று வைக்கிற அதே ஜனம், இங்கே வரிசையில் நின்று குதிக்கச் சொல்லிக் கெஞ்சுகிறது. லாரி ஆபீசுக்குப் பின்னால் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த கிடங்கை ஒரு முதலாளி வாடகைக்குப் பிடித்தார். ஆறு டிராம்போலினை வரிசையாகப் போட்டார். சுவர் முழுக்கப் பல்லைக் காட்டும் பிள்ளைகளை வரைய வைத்தார். வாசலில், ‘உங்கள் குழந்தையின் பாதுகாப்பே எங்கள் மூச்சு’ என்று ஆள் உயரத்துக்கு போர்டு மாட்டினார்.

அந்த போர்டை எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கப் படுதாக்காரருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. லாரிகளுக்குப் படுதா தைத்தே தலை நரைத்தவர் அவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டது, அவரும் அதை விட்டார். கையெழுத்துப் போடத் தெரியும். ஆனால் லேசில் போட மாட்டார். எந்தக் காகிதம் வந்தாலும் மருமகள் மூன்று தடவை படித்துக் காட்ட வேண்டும். அப்புறமும், “இதுல எழுதாம விட்டது ஏதாவது இருக்காம்மா?” என்று கேட்பார். எழுதாததை எப்படி மாமா படிப்பது என்று அவள் சிரிப்பாள். சிரிக்கட்டும். எழுதாமல் விட்டதில்தான் மனிதன் மாட்டுகிறான்.

மெத்தை தைக்கச் சொல்லி வந்தவர் அந்த ஹாலின் மேனேஜர். கழுத்தில் டை, கையில் இரண்டு போன், வாயில் அவசரம். டிராம்போலின் என்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. வெளியே இரும்புச் சட்டம், நடுவில் விறைப்பான துணி, இரண்டையும் இழுத்துப் பிடிக்கச் சுற்றிலும் ஸ்பிரிங். ஒரு ஸ்பிரிங்குக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒரு பிள்ளையின் கால் சுகமாக இறங்கும். இறங்கிய கால் சுகமாக வெளியே வராது. அந்த இடைவெளியை மூடத்தான் சுற்றிலும் மெத்தை போட வேண்டும்.

உள்ளே ஸ்பாஞ்ச், மேலே நீல ரெக்ஸின், அடியில் சட்டத்தோடு கட்ட வரிசையாக நாடா. ஆறும் தைத்தார். ஸ்பாஞ்ச் நகராமல் இருக்கக் குறுக்கே தையல் ஓட்ட வேண்டும். அதற்கு மேல்பக்கம் வெள்ளைச் சாக்பீஸால் கோடு போடுவார். தைத்து முடித்த பிறகு அந்தக் கோட்டைத் துடைக்கிற பழக்கம் அவருக்கு எந்நாளும் கிடையாது. படுதா வாங்க வருகிறவர்கள் குறை சொல்வார்கள். “மழை துடைக்கும், வெயில் துடைக்கும், மிதிக்கிறவன் கால் துடைக்கும். நான் வேற எதுக்கு?” என்பார்.

மெத்தையைக் கொண்டுபோய் இறக்கிய அன்று, பின்னால் இருந்த அறையில் அடுக்கச் சொன்னார் மேனேஜர். பிறகு கட்டிக்கொள்வார்கள் என்று நினைத்துப் படுதாக்காரர் வந்துவிட்டார். ஒரு மாதம் கழித்து ஜன்னலுக்குத் திரை அளவெடுக்கப் போனபோது பார்த்தால், ஆறு டிராம்போலினிலும் ஸ்பிரிங் அப்படியே பல்லை இளித்துக்கொண்டு கிடந்தது. அறைக் கதவிடுக்கில் நீல மெத்தைகள் அடுக்கு கலையாமல் இருந்தன. “என்ன தம்பி, கட்டலையா?” என்று கேட்டார். கட்டுவோம் பெரியவரே, என்று மேனேஜர் சிரித்தார். இவரும் அளவை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அதற்கப்புறம் ஆறு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம், பஸ் கண்டக்டர் அம்மா ஒருத்தியின் மகள், ஒன்பது வயது, நாலாம் நம்பர் டிராம்போலினில் குதித்துக் கால் ஸ்பிரிங்குக்குள் போய், முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

பத்தாம் நாள் ஹால் முதலாளியிடமிருந்து படுதாக்காரருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. மருமகள் படித்தாள். இரண்டாவது தடவை படிக்கும்போது அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது. மெத்தை முறைப்படி போடப்பட்டிருந்ததாம். தையல் விட்டுப்போனதால் மெத்தை நகர்ந்து பிள்ளையின் கால் உள்ளே போனதாம். ஆகவே முழுப் பொறுப்பும் தைத்தவரையே சேருமாம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன்கள் ஆடவே இல்லை, கூடத்தைக் கட்டினவன் மேல் கேஸ் போடுகிறான்கள்.

அதில் ஒரு சூது இருந்ததை மருமகள்தான் விசாரித்துச் சொன்னாள். மெத்தையே போடவில்லை என்றால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும், பழி முதலாளி தலையில். மெத்தை போட்டிருந்து தையல் விட்டது என்றால் பழி தைத்தவன் தலையில். ஆயுசு முழுக்க ஊசி பிடித்துச் சம்பாதித்தது ஒரே ஒரு பேர். ஒரு பிள்ளையின் காலை முறித்தவன் என்று அந்தப் பேரோடு ஒட்டிவிட்டால், அப்புறம் எந்த லாரிக்காரன் படுதா கொடுப்பான்? கொடுத்தாலும் இவருக்குத் தைக்கக் கை வருமா?

இன்சூரன்ஸ்காரர் நேரில் பார்க்க வருகிற நாளில் இவரையும் ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி இருந்தார், மேனேஜர் இருந்தார். யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் கண்டக்டர் அம்மா ஓரமாக நின்றாள். முதலாளி படுதாக்காரரைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய்த் தோளில் கை போட்டார். தையலில் ஒரு சின்னக் குறை என்று ஒப்புக்கொண்டால் போதும், வழக்கு கிழக்கு எல்லாம் வராமல் அவர் பார்த்துக்கொள்வார், இனிமேல் கிளைக்கெல்லாம் மெத்தை இவர்தான் தைப்பார் என்று தேன் ஒழுகினார். சும்மா ஒரு கையெழுத்து.

“சும்மான்னா நீங்களே போட்டுக்கங்க,” என்றார் படுதாக்காரர்.

கண்டக்டர் அம்மாவுக்கும் அதே வைத்தியம்தான் நடந்திருந்தது. டிக்கெட் வாங்கும்போது, என்ன நடந்தாலும் ஹால் பொறுப்பில்லை என்று ஒரு காகிதத்தில் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். பின்னால் வரிசை நெருக்கியது, மகள் கையைப் பிடித்து இழுத்தாள், படிக்காமல் போட்டாள். ஊர் முழுக்க டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறவள் தன் கைக்கு வந்த சீட்டைப் படிக்கவில்லை. அந்தக் காகிதத்தை முதலாளி கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டாத குறைதான்.

நாலாம் நம்பருக்குப் போனார்கள். நீல மெத்தை சுற்றிலும் கட்டியிருந்தது. ஒரு பக்கம் ஒரு முழம் பிளந்து ஸ்பாஞ்ச் தெரிந்தது. அன்றைக்கு இருந்தது இருந்தபடியே, ஒரு கைகூடப் படவில்லை என்றார் மேனேஜர்.

படுதாக்காரர் மண்டிபோட்டு உட்கார்ந்தார். பிளவைத் தடவினார். தையல் ஒரு இழைகூட அசையவில்லை. அதற்கு விரற்கடை தள்ளி ரெக்ஸின்தான் பிளேடு போட்டதுபோல நேராகக் கிழிந்திருந்தது. அதைச் சொன்னால் பிள்ளைகள் கிழித்திருக்கும் என்பான்கள். கையை அப்படியே மேலே ஓட்டினார். ஓட்டிய கை ஓரிடத்தில் நின்றது. பிறகு எழுந்து இன்சூரன்ஸ்காரரிடம் கேட்டார்.

“சார், இது எத்தனை மாசமா இங்க கெடக்குன்னு சொல்றாங்க?”

ஏழு மாதம் என்று எழுதியிருப்பதாக அவர் சொன்னார். தினம் எத்தனை பிள்ளைகள் என்று மேனேஜரைக் கேட்டார் படுதாக்காரர். குறைந்தது நூறு, லீவு நாளில் இருநூறு என்று மேனேஜர் பெருமையாகச் சொன்னார். ஏறும்போதும் இறங்கும்போதும் இந்த மெத்தையை மிதித்துத்தானே ஆக வேண்டும்? ஆமாம், வேறு வழியே இல்லை.

“சரி தம்பி. செருப்பைக் கழட்டிட்டு உங்க ஹால் சாக்ஸ் ஒண்ணு மாட்டிக்கிட்டு, இது மேல ஒரே ஒரு சுத்து நடந்து காட்டுங்க.”

மேனேஜர் முதலாளியைப் பார்த்தார். இன்சூரன்ஸ்காரர் நடங்களேன் என்றார். டை ஆட, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கம்பி மேல் நடக்கிற கழைக்கூத்தாடி மாதிரி மேனேஜர் ஒரு சுற்று வந்தார். ஸ்பிரிங்குகள் கீச்கீச்சென்று அவருக்குத் தாளம் போட்டன.

இறங்கியதும் படுதாக்காரர் மெத்தையைக் காட்டினார். குறுக்குத் தையல் நெடுகிலும் வெள்ளைச் சாக் கோடு பளிச்சென்று இருந்தது. மேனேஜரின் கால் பட்ட இடத்தில் மட்டும் தேய்ந்து மங்கிப்போயிருந்தது.

“இது நான் போட்ட கோடு சார். வெரலால தொட்டுப் பாருங்க. இவர் ஒருத்தர் ஒரு சுத்து நடந்ததுக்கே போயிடுச்சு. ஏழு மாசமா தெனம் நூறு பிள்ளைங்க மிதிச்சும் போகலைன்னா, அந்தப் பிள்ளைங்களுக்குக் காலே இல்லன்னு அர்த்தம்.”

இன்சூரன்ஸ்காரர் விரலை வைத்தார். வெள்ளையாக வந்தது. விரலையும் மேனேஜரின் சாக்ஸையும் மாறிமாறிப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன்கள், காம்பை வெளியே விட்டுவிட்டான்கள்.

முதலாளிக்கு முகம் சிவந்தது. ஏன்யா உள்ளே வைத்தாய் என்று மேனேஜர் மேல் பாய்ந்தார். அங்கேதான் காரியம் முடிந்தது.

“நீங்கதானே சார் சொன்னீங்க? பசங்க மிதிச்சா அழுக்காயிடும், கிழிஞ்சிடும், ஆபீசருங்க பாக்க வர்றப்ப மட்டும் எடுத்துப் போடுன்னு.”

பிள்ளையின் எலும்பைக் காக்க வாங்கிய மெத்தை. அந்த மெத்தையைக் காக்கப் பிள்ளையின் எலும்பு. என்ன மூளை, என்ன மூளை.

இன்சூரன்ஸ்காரர் அதையும் எழுதிக்கொண்டார். குதிப்பதில் இருக்கும் ஆபத்துக்குத்தான் அந்த அம்மா கையெழுத்துப் போட்டார், மெத்தையை அறையில் பூட்டி வைத்ததற்கு இல்லை, அதைக் கோர்ட்டு பார்த்துக்கொள்ளும் என்றார்.

வெளியே வரும்போது கண்டக்டர் அம்மா படுதாக்காரரை நிறுத்தினாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தார்.

“மெத்தை ரூம்ல கெடந்தது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா ஐயா?”

“பாத்தேன்.”

“சொல்லலையா?”

“சொன்னேம்மா. ஒரு தடவை.”

“ஒரு தடவையா,” என்றாள். அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டாள். முதலாளி, மேனேஜர், வக்கீல் மூன்று பேரும் சேர்ந்து செய்ய முடியாததை அந்த ஒரு வார்த்தை செய்தது. அன்றைக்கு அவருக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

நோட்டீஸை வாபஸ் வாங்கிவிட்டார்கள். அந்த அம்மாவின் வழக்கு நடக்கிறது. ஹால் ஒரு மாதம் மூடியிருந்து, மெத்தை கட்டித் திறந்தது. திறந்த மறுநாளே மேனேஜர் கடைக்கு வந்தார். சிலரைப் படைக்கும்போது வெட்கம் என்பதை வைக்கவே ஆண்டவன் மறந்துவிடுகிறான் போலிருக்கிறது. இப்போது மெத்தை எந்நேரமும் மேலேயே கிடப்பதால் அழுக்காகிறதாம். அதற்கு மேலே பளபளவென்று கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறை தைத்துத் தர வேண்டுமாம்.

சாக்ஸ் போட்ட கால் பிளாஸ்டிக்கில் என்ன ஆகும் என்று படுதாக்காரர் கேட்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் மெஷின் மேல் வைத்தார்.

“வழுக்குற உறை வேணும்னு நாங்கதான் கேட்டோம், எவன் விழுந்தாலும் எங்க பொறுப்புன்னு எழுதி, உங்க முதலாளியக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. சும்மா ஒரு கையெழுத்துதான். படிக்க என் மருமக இருக்கா.”

மேனேஜர் பேனாவை எடுத்தார், திரும்ப வைத்தார். முதலாளியைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர் வரவில்லை. வேறு எவனாவது தைத்துக் கொடுப்பான். கையெழுத்துக்கா பஞ்சம், தையல்காரனுக்கா பஞ்சம்?

அடுத்து வந்த சனிக்கிழமை படுதாக்காரர் கடையைத் திறக்கவில்லை. ஹால் வாசலில், ‘எங்கள் மூச்சு’ போர்டுக்குக் கீழே போய் நின்றார். வரிசையில் வந்த ஒவ்வொருத்தரிடமும், “உள்ள போய் மெத்தைய மிதிச்சுப் பாத்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க,” என்றார். முக்கால்வாசிப் பேர் பைத்தியம் என்று ஒதுங்கி, படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். காவலாளி இரண்டு தடவை விரட்டினான். சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிப்போயிற்று. மறுநாள் ஞாயிறு, கூட்டம் இன்னும் அதிகம் வரும் என்று, வீட்டுக்குப் போனதும் மருமகளிடம் வெந்நீர் கேட்டு வாங்கிக் கொப்பளித்தார்.