அழுக்காகாத சட்டை

கொடியிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது அந்த நீலச் சட்டை, யாரும் உடுத்தாததால் அழுக்கே ஆகாத சட்டை, அதைத் தினமும் நனைத்துப் பிழிந்து உலர்த்துகிறேன், இந்த வீட்டு ஆம்பிளை உயிரோடிருக்கிறார் என்று ஊர் பார்க்கட்டும், புயலில் அவர் வள்ளம் போய் இருபத்தெட்டு நாள், நாளை மறுநாள் முப்பதாம் நாள் பூசை, அன்று என் தாலியைக் கழற்றிவிட்டு, சடலத்துக்குப் பதிலாக அவர் துணிமணிகளைப் பெட்டியில் வைத்துப் புதைப்பார்கள், அதுதான் எங்கள் கரையின் வழக்கம், துணி கேட்டு வந்து நிற்கிறாள் அவர் அக்கா பிரகாசி, என்னட்டி, செத்தவனுக்கா சட்ட தொவைக்க என்கிறாள், அவிய சாகல மதினி என்கிறேன், சும்மா நம்புதியா, இல்ல தெரியுமாட்டி என்கிறாள், தெரியும் மதினி, இலங்கையில் மன்னார் சிறையிலிருந்து விடுபட்டு வந்த மீனவர் ஒருத்தர் சொன்னாரே, தலையில் அடிபட்டுப் பேச்சு நின்றுபோன ஒரு ஆள் அங்கே கிடக்கிறான், நம்ம பக்கத்து ஆள் மாதிரி இருக்கான், இடது காது கிழிந்திருக்கு என்று, தூண்டில் முள் கிழித்த என் புருசனின் காதுக்கு மஞ்சள் பற்றுப் போட்டவளே நான்தான், எனக்குத் தெரியாதா, பூசை வேண்டாம் என்று கோயிலிலும் நிமிர்ந்து நின்று சொன்னேன், ஒரு துணி தரவில்லை.

ஏழாம் மாதம் கல்லில் சட்டையைத் துவைத்துக்கொண்டிருக்கும்போது, ஏட்டி, நல்ல சட்டையப் போட்டு இந்த அடி அடிக்க என்று பின்னால் ஒரு குரல், அவர்தான், கனவில்லை, அதே காது, அழுது ஓய்ந்தபின் மன்னாரில் ரொம்ப அடித்தார்களா என்று கேட்கிறேன், மன்னாரா, கப்பக்காரன் தூக்கிட்டுப் போயி எறக்குனது மாலத்தீவுல, சேதி சொல்லவும் வழியில்லாம தேங்கா உரிச்சுக்கிட்டுல்லா கெடந்தேன் என்று சிரிக்கிறார், பிரகாசி மதினி என் கன்னத்தைத் தடவி, நீ சொன்னதுதாண்டி நெசம் என்கிறாள், நிசம்தான், ஆனால் உலை கொதிக்கக் கொதிக்க எனக்குள் கேட்கிறது, எவனையோ வைத்து என் புருசன் இருக்கிறார் என்றேன், அவர் வந்தும் நிற்கிறார், அப்படியானால் எனக்குத் தெரிந்திருந்தது என்ன, காது கிழிந்து மன்னாரில் கிடப்பவன் யார் வீட்டு ஆள் என்று சோறு போடும்போது அவரிடமே கேட்கிறேன், பெரியதாழையில கஸ்மீர்னு ஒருத்தன், அவனுக்கும் முள்ளு கிழிச்ச காதுதான், அதே புயல்லதான் போனான் என்கிறார் அவர், சோற்றைப் பிசைந்தபடி.

விடிந்ததும் பெரியதாழைக்கு பஸ் ஏறுகிறேன், கஸ்மீரின் பெண்சாதி அமலி வெறுங்கழுத்தோடு கதவைத் திறக்கிறாள், சொல்லி முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, நிச்சயமாத் தெரியுமாக்கா என்கிறாள், தெரியும் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது, தெரியாதுட்டி, ஒருக்கா தெரியும்னு சொன்னேன், காரணமெல்லாம் தப்பாப் போச்சு, ஆனா நீ மன்னாருக்கு ஆள் அனுப்பாம இருந்திராத என்கிறேன், ஒங்கள மாதிரி கொடியில போட ஒரு துணி கூட இல்லக்கா, எல்லாத்தையும் பொதச்சாச்சு என்கிறாள், பையிலிருந்து நீலச் சட்டையை எடுத்து அவள் மடியில் வைக்கிறேன்.

மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வாசலில் அமலி, பக்கத்தில் காது கிழிந்த ஒரு மனிதன், இன்னும் பேச்சு திரும்பவில்லை, மடித்த சட்டையை இரண்டு கையாலும் நீட்டுகிறான், விரித்துப் பார்க்கிறேன், காலரில் வேர்வைக்கறை, அழுக்கு, ஒரு ஆள் உடுத்திய அழுக்கு, கல்லுக்குக் கொண்டுபோய்ச் சோப்புப் போட்டுத் தேய்க்கிறேன், கொடியிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது.