ஸ்பிரிட் கலந்த பெட்ரோல்

ஜியாவுல்லாவின் அம்பாசடர் முதன்முதலில் நின்றது திண்டிவனம் ரோட்டு ரயில்வே கேட்டில், அதுவும் தண்டவாளத்தின் மேலேயே. பின்சீட்டில் கல்யாணத்துக்குப் போகிற பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எஞ்சின் இருமியது, ஒரு உலுக்கு உலுக்கியது, அடங்கிவிட்டது. சாவியைத் திருகத் திருக ஸ்டார்ட்டர்தான் இழுத்து இழுத்து முனகியது.

கேட்கீப்பர் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். "இறங்குங்கம்மா, எல்லாம் இறங்குங்க! விழுப்புரம் வண்டி வர்ற நேரம்!"

சைக்கிளில் வந்தவர்களும் மூட்டை சுமந்து வந்தவர்களும் சேர்ந்து தள்ளி வண்டியை அந்தப் பக்கம் சேர்த்தார்கள். கேட்கீப்பர் கேட்டை இறக்கினார். ரயில் தடதடத்துப் போய் முடிகிறவரை ஜியாவுல்லா ஸ்டியரிங்கை விடவில்லை. முழங்கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று டாங்க் மூடியைத் திறந்து பார்த்தார். நிறையவே இருந்தது. முகர்ந்தபோது ஆஸ்பத்திரியில் ஊசி போடுமுன் தடவுவார்களே, அந்த நெடி லேசாக அடிப்பதுபோல் தோன்றியது. மூடிவிட்டு வந்து சாவியைத் திருகினார். ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி கிளம்பிவிட்டது.

தேரடி டாக்சி ஸ்டாண்டில் இதைச் சொன்னபோது தசரதன் சிரித்தான். அவனும் டாக்சி ஓட்டுகிறவன்தான்.

"ஸ்பிரிட்டு கலக்கறானுங்க பாய். கரும்பாலையில காய்ச்சறாங்க இல்ல, அது. கலந்தா தண்ணி இழுத்துக்கும். சூடு ஏறினா ஆவியாப் பூடும், வண்டி படுத்துக்கும். ஊரே பேசுதே, உங்களுக்குத் தெரியாதா?"

அந்த வருஷம் ஊரே அப்படித்தான் பேசியது. ஜியாவுல்லா பங்க்கை மாற்றினார். கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பெட்ரோலை மெல்லிய தோலில் வடிகட்டி ஊற்றினார். வண்டி உள்ளூர் சவாரிக்கு நன்றாக ஓடும். பக்கத்திலிருக்கும் வேங்கிக்கால் போய்வந்தால் ஒன்றும் ஆகாது. தொலைவு போனால்தான் எங்காவது நின்று தொலைக்கும். நின்றதும் இறங்குவார், மூடியைத் திறப்பார், முகர்ந்து பார்த்துத் திட்டுவார், மூடுவார். கிளம்பிவிடும். இன்ன இடத்தில் நிற்கும் என்று தெரிந்தாலாவது பரவாயில்லை. அதுவும் தெரியாது.

"அந்த கேட்டைத் தாண்டி சவாரி எடுக்காதீங்க" என்று மனைவி ரஹமத்துன்னிசா அழுதாள். சரி என்றுதான் சொன்னார். ஆனால் வருகிற சவாரியெல்லாம் அந்தப் பக்கமே வந்தது.

ஒரு நாள் பகலில், கீழ்பென்னாத்தூரில் ஒருவரை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, நிலக்கடலைக் கொல்லையிலிருந்து நாலைந்து பேர் ரோட்டில் குதித்து வண்டியை மறித்தார்கள். அவர்கள் தோளில் ஒரு பெண். கணுக்காலுக்கு மேல் துண்டு கட்டியிருந்தது.

"பாய், நாகப்பாம்பு! களை வெட்டிக்கினு இருந்தா. பெரியாஸ்பத்திரிக்குப் போவணும்" என்றான் புருஷன் பலராமன். அவள் பெயர் உண்ணாமலை.

வண்டி நின்றுவிடும் என்று சொல்ல ஜியாவுல்லா வாயைத் திறந்தார். ரோட்டில் வேறு வண்டியே இல்லை. "ஏத்துங்க" என்றார். பலராமன் மட்டும் அவளோடு ஏறிக்கொண்டான்.

எங்கே நிற்கும், எங்கே நிற்கும் என்று காது எஞ்சினிலேயே இருந்தது. கண்ணாடியில் உண்ணாமலையின் இமைகள் பாதி மூடியிருந்தன.

"தூங்காதடி, ஏய், என்னைப் பாரு" என்று பலராமன் அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தான்.

பாதி வழியில் எஞ்சின் இருமியது. அடங்கியது.

"இன்னா பாய்? ஏன் நிறுத்தினீங்க?"

ஜியாவுல்லா இறங்கினார். ஓடிப்போய் மூடியைத் திருகினார். உள்ளே உஸ் என்று மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. முகர்ந்து பார்க்கக்கூட நேரமில்லை. மூடியை டிக்கியின் மேல் வைத்தவர், பலராமன் போட்ட சத்தத்தில் அப்படியே ஓடிவந்து சாவியைத் திருகினார். கிளம்பியது.

ரயில்வே கேட் தெரிந்தபோது கேட்கீப்பர் கேட்டை இறக்கத் தொடங்கியிருந்தார். அந்த அம்பாசடரை அவர் மறக்கவில்லை. கையை நீட்டி நில் என்றார்.

பலராமன் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே போட்டுக் கத்தினான். "பாம்பு கடி சாமி! உசுரு போவுது!"

கேட்கீப்பர் ரயில் வருகிற திசையைப் பார்த்தார். காரைப் பார்த்தார். "நிக்காம போய்டணும், பாய்" என்று கேட்டை மறுபடி ஏற்றினார்.

ஜியாவுல்லா தண்டவாளத்தைப் பார்த்தார். நின்றால் இந்த முறை தள்ள ஆளில்லை. தண்டவாளத்தின் நடுவில் அவள் கிடப்பாள். அல்லாவின் பெயரைச் சொல்லி முதல் கியரிலேயே உறுமவிட்டு ஏற்றினார். தண்டவாளம் டயரில் இடித்தது, மறுபடி இடித்தது. கடந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசல்வரை வண்டி ஒரு முறைகூட இருமவில்லை.

உண்ணாமலையை உள்ளே தூக்கிக்கொண்டு போனபிறகுதான் டாங்க் திறந்து கிடப்பதைப் பார்த்தார். மூடி வழியில் எங்கோ விழுந்துவிட்டது. ஒரு துணியைச் சுருட்டி அடைத்து, அதோடு சேத்துப்பட்டு வரைக்கும் ஒரு சவாரி போய்வந்தார். அவ்வளவு தூரமும் நிற்கவில்லை. அதே பங்க், அதே பெட்ரோல்.

வண்டி முதன்முதலில் நின்றதற்குச் சில நாள் முன்பு, பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் பழைய மூடி திருட்டுப்போன பிறகு, காயலான் கடையில் வாங்கிப் போட்டிருந்த மூடி அது. நல்ல இறுக்கம் என்று சந்தோஷப்பட்டிருந்தார். இப்போது அதே கடைக்குப் போய் அதேபோல் இன்னொன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். காற்றுப் போக ஒரு துளைகூட இல்லை. பெட்ரோல் குறையக் குறைய டாங்க்குக்குள் காற்று நுழைய வழியில்லாமல் எஞ்சினுக்குப் பெட்ரோல் வராமல் நின்றிருக்கிறது. ஸ்பிரிட்டை முகரத் திறந்தபோதெல்லாம் காற்று புகுந்து கிளம்பியிருக்கிறது. கடைக்காரரிடமே ஆணி கேட்டு வாங்கி மூடியில் துளை போட்டுக்கொண்டார்.

தசரதன் நம்பவில்லை. "இருக்கட்டும் பாய், ஸ்பிரிட்டு கலக்கறது கலக்கறதுதான்" என்றான்.

உண்ணாமலை பிழைத்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட அன்று ஜியாவுல்லாவே அவர்களை ஏற்றிக்கொண்டு போனார். கேட் நெருங்கியதும் அவள் பலராமன் தோளைப் பற்றிக்கொண்டாள்.

"பாய், வண்டி நிக்காதே?"

"நிக்காதும்மா. சரி பண்ணிட்டேன்."

சொன்னாரே தவிர, தண்டவாளம் வந்ததும் அவர் முழங்கால் ஆடத் தொடங்கியது. அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓட்டினார்.