சம்சாரம் என்கிற சொல்

வைத்திலிங்கம் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டுகிறவர். பெல்ட் இரைச்சலில் பேசிப் பிரயோஜனமில்லை என்று பழகியவர், வீட்டுக்கு வந்தும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. வீட்டில் பேச்செல்லாம் அமிர்தத்தின் பொறுப்பு. பால்காரரோடு, பக்கத்து பிளாக்கோடு, மலேசியாவில் இருக்கிற மகனோடு, கட்டின புருஷனோடு என்று நாலு பேர் பேச்சை அவள் ஒருத்தியே பேசித் தீர்ப்பாள். ஆகவே பக்கவாதம் வந்து அவளுக்கு வலது கையோடு வாயும் போனபோது, அந்தக் குவார்ட்டர்ஸில் இரண்டு பேருடைய பேச்சும் ஒரே நாளில் போய்விட்டது.

உயிர் பிழைத்ததே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள். பதினைந்து நாள் கழித்துப் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பிரபாவதி பாலக்காட்டுப் பெண். சுரங்கத்து டவுன்ஷிப்புக்கு வாக்கப்பட்டு வந்து பத்து வருஷம் ஆகிறது, தமிழ் நம்மைவிட நன்றாகவே பேசுவாள்.

"யாருக்கு சார் ட்ரீட்மென்ட்?"

"நம்ம சம்சாரத்துக்குங்க. பேச்சு வரல."

அவள் சட்டென்று சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். "மன்னிச்சுக்கோங்க சார். எங்க ஊர்ல பேச்சுக்கே சம்சாரம்னுதான் பேரு. பேசுறதை 'சம்சாரிக்கிறது'ன்னு சொல்வோம். உங்களுக்கு அது பொண்டாட்டி. வந்த புதுசுல நான் ரொம்பத் தடுமாறியிருக்கேன்."

வேறு யாராவது என்றால் கூடச் சிரித்திருப்பார்கள், இல்லை, சள்ளென்று விழுந்திருப்பார்கள். வைத்திலிங்கம் "அப்படிங்களா" என்றார். அந்த நாட்களில் அவருக்கு எல்லாமே "அப்படிங்களா"தான். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துக் கிடக்குமே, மனுஷர் முழுசாக அப்படித்தான் கிடந்தார். சோறு இறங்கியது. தூக்கம் வந்தது. லீவு முடிந்ததும் டூட்டிக்குப் போனார். பகலில் பார்த்துக்கொள்ள சாமியம்மாள் என்று ஒரு அம்மாளை அமர்த்தினார். அழுகை மட்டும் வரவில்லை, அதைச் சொந்தக்காரர்கள் கவனித்துப் பேசிக்கொள்ளவும் செய்தார்கள்.

பிரபாவதி அமிர்தத்திடம் அரைமணி நேரம் என்னென்னவோ கேட்டுப் பார்த்தாள். தண்ணி வேணுமா? சரி. வேணாமா? சரி. உங்க பேரு சரோஜாவா? சரி.

"இந்த ஒரு வார்த்தைதான் சார் அவங்ககிட்ட மிச்சம் இருக்கு. எது கேட்டாலும் சரின்னுதான் வரும், அதை நம்பிடாதீங்க. முகத்தைப் பாருங்க, கையைப் பாருங்க. நாம பேசுறதெல்லாம் அவங்களுக்குப் புரியுது. தினம் ஒரு மணி நேரம் நீங்க அவங்களோட பேசணும். பரீட்சை வைக்கிற மாதிரி கேள்வி கேக்காதீங்க. பேசணும். பேச்சு வர்றதுக்கு வழி இருக்கு."

வழி இருக்கு என்று கேட்டதும் வைத்திலிங்கத்துக்குச் சந்தோஷம் வரவில்லை.

சுரங்கத்து ரெஸ்ட் ஷெட்டில் டீ குடிக்கும்போது இந்தப் பாலக்காட்டுக் கதையை வாய் தவறிச் சொல்லிவிட்டார். சொன்னது யாரிடம்? ஜெயப்பிரகாஷிடம். கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளை. ஒன்றைப் பிடித்தால் லேசில் விடமாட்டான்.

"அண்ணே, எங்க ஊர்ல சம்சாரின்னா வெள்ளாமை செய்யிறவருல்லா. எங்க தாத்தா பெரிய சம்சாரி. நாலு பொண்டாட்டின்னு நினைச்சிராதிய, நாலு ஏக்கர்!"

அதோடு நின்றானா? ஆளாளுக்கு ஒரு பைத்தியம், அவனுக்கு இது. ஒடிசாவிலிருந்து வந்த கான்ட்ராக்ட் ஆட்களைப் பிடித்துக் கேட்டான். அவர்களுக்கு அது உலகம், அதுவே குடித்தனமும். இந்திக்காரர்களுக்கு வெறும் உலகம். கர்நாடகத்துச் சூப்பர்வைசருக்குக் குடும்பம். செல்போனில் தேடித் தாய்லாந்து வரைக்கும் போய்விட்டு வந்தான். "அங்க 'சொங்சான்'ங்காங்கண்ணே. அதுக்கு இரக்கம்னு அர்த்தமாம். ஐயோ பாவம்னு நாம சொல்லுதோமே, அது." அந்த வாரமே மகன் செல்வகுமார் ஜோகூரிலிருந்து பேசும்போது, அப்பா தானாகப் பேச்சை எடுக்கிறாரே என்ற அதிசயத்தில் தன் பங்குக்கு ஒன்று சொன்னான். "இங்க மலாய்ல செங்சாரான்னா துன்பம்ப்பா. நம்ம சம்சாரம்தான் கப்பலேறி வந்து இப்டி ஆயிடுச்சின்னு எங்க மேனேஜர் சொல்றாரு."

"எல்லாம் வடமொழியில இருந்து கிளம்புனதுதாம்ணே" என்று ஜெயப்பிரகாஷ் முடித்து வைத்தான். "ஒண்ணோட ஒண்ணு சேந்து ஓடிக்கிட்டே இருக்கதுன்னு அர்த்தம். பிறக்கது, சாகது, திரும்பப் பிறக்கது. நம்ம பெல்ட்டுதான், வேறென்ன?"

"அப்படியா" என்றார் வைத்திலிங்கம். உலகம், குடும்பம், இரக்கம், துன்பம் எல்லாம் இந்தக் காதில் புகுந்து அந்தக் காதில் போயிற்று. பிரபாவதி சொன்ன 'பேச்சு' என்கிற அர்த்தம் மட்டும் போகவில்லை. தொண்டையில் மாட்டிய மீன்முள்ளாக நின்றது. அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும், அதில் ஒருத்திக்கு வாய் இல்லை.

விஷயம் இதுதான். கோபம் வந்தால் அமிர்தத்துக்கு ஒரு பழக்கம். டூட்டியில் இருக்கிறவருக்குப் போன் போடுவாள், போட்டுவிட்டுப் பேசமாட்டாள். உம்மென்று இருப்பாள். இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு குக்கர் விசில், மிக்சி, காக்கா எல்லாம் கேட்பார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "சரி வுடு" என்பார். அவர்களுக்குள் சண்டையும் அதுதான், சமாதானமும் அதுதான். செல்போன் வந்த காலத்திலிருந்து நடக்கிற கூத்து.

அன்றைக்கு முதல் ஷிப்ட். அடுத்த வாரம் அமிர்தத்தின் தம்பி மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தம்பி நேரில் வந்து பத்திரிகை வைத்தபோது வைத்திலிங்கம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. "பேசுனா முத்தா உதிந்துடும்? எங்க சனம்னா ஒனக்கு எளப்பமா?" என்று விடிகாலையிலேயே அவள் பிடித்துக்கொண்டாள். இவர் டிபன்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டார். ஒன்பதே காலுக்குப் போன் வந்தது. பேச்சில்லை. மூச்சுச் சத்தம், நடுவில் 'ம்', 'ம்' என்று இரண்டு முறை. வீம்பு என்று நினைத்தார். அன்றைக்கு இவருக்கும் எரிச்சல். "கோவம் அடங்குனதும் பேசு" என்று கட் பண்ணினார். மறுபடி அடித்தது. மறுபடி அடித்தது. போனை எடுத்துப் பைக்குள் போட்டார். மாற்றிவிட வேண்டிய ரிலீவர் லேட்டாக வந்ததால் வீடு போய்ச் சேர நாலு மணி ஆயிற்று. அடுப்படியில் கிடந்தாள். கையில் போன்.

"எத்தினி மணிக்கு வந்துச்சின்னு தெரியுமா? போன் கீன் பண்ணாங்களா?" என்று டாக்டர் கேட்டார். "நாலு மணி நேரத்துக்குள்ள கொண்டாந்திருந்தா ஊசி போட்டுப் பாத்திருக்கலாம்."

"பண்ணலைங்க" என்றார் வைத்திலிங்கம். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை, அதுவாக வந்தது. வந்த பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. இரண்டு போனிலும் அந்த மூன்று அழைப்புகளை அழித்தார்.

இப்போது பேச்சு வரும் என்கிறார்கள். வந்தால் முதல் வார்த்தை எது? அவர் தினமும் பிரபாவதி வேண்டாம் என்றதையே செய்தார். டம்ளரைத் தூக்கிக் காட்டி "இது என்னா?" என்பார். "சரி." சீப்பைக் காட்டி "இது என்னா?" "சரி." பத்து நிமிஷத்தில் இருபது சாமான். அப்புறம் டி.வி.யைப் போட்டுவிடுவார். குளிப்பாட்டுவதில், தலை வாருவதில், வேளாவேளைக்கு மாத்திரை கொடுப்பதில் ஒரு குறை சொல்ல முடியாது. பேச்சைத் தவிர எல்லாம் செய்தார். தான் செய்வது கேடுகெட்ட வேலை என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததே ஒழிய உறைக்கவில்லை.

மூன்றாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சேத்தியாத்தோப்பிலிருந்து அமிர்தத்தின் தம்பி சிங்காரவேல் கார் எடுத்துக்கொண்டு வந்தான். கூடவே அவன் மனைவி வெண்மதி. அக்காவை அழைத்துப் போவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

"ஷிப்ட்டுக்குப் போற மனுசன் நீங்க எப்பிடி மாமா பாப்பீங்க? அங்க நாங்க நாலு பேரு இருக்கறம். ஏன்க்கா, நம்ம வூட்டுக்கு வரியா?"

"சரி."

சிங்காரவேல் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா?"

"அது எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்லும் மச்சான். இங்கியே இருன்னு கேட்டுப் பாரு."

"இங்கியே இருக்கியாக்கா?"

"சரி."

சிங்காரவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தான். துவைத்து மடித்த நைட்டிகள், நேரம் எழுதி ஒட்டிய மாத்திரை டப்பாக்கள், படுக்கையில் சுருக்கமில்லாத விரிப்பு. அக்காவின் பின்னலைத் தொட்டுப் பார்த்தான். எந்தப் புருஷன் இப்படிப் பின்னுவான்? வந்து மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"மாமா, ஒங்களப் பத்தி நான் தப்பா நெனச்சிக்கினு இருந்துட்டேன். பத்திரிகை வச்சப்பக்கூட மூஞ்சி குடுக்கலன்னு கோவம். மன்னிச்சிடுங்க. அன்னிக்கி நீங்க வந்து தூக்கலன்னா எங்கக்கா இல்ல. நீங்க குடுத்த உசுரு மாமா இது. இங்கியே இருக்கட்டும்."

ஜெயித்தாயிற்று. வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினால் போதும், அது அவருக்குக் கைவந்த கலை. ஆனால் கட்டிலில் உட்கார்ந்திருந்த அமிர்தம் தம்பியைப் பார்க்கவில்லை. 'நீங்க குடுத்த உசுரு' என்றதும் மெல்லக் கழுத்தைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தாலும் பரவாயில்லை. இந்த ஆள் இப்போது என்ன சொல்லப் போகிறான் என்று பார்த்தாள், அவ்வளவுதான்.

"போன் பண்ணா" என்றார்.

"யாரு மாமா?"

"ஒங்கக்கா. அன்னிக்கிக் காலில ஒம்போதே காலுக்கு. பேச்சு இல்ல, மூச்சுதான் வந்துச்சி. வீம்பு பண்றான்னு நெனச்சிக்கினு கட் பண்ணிட்டேன். திரும்ப ரெண்டு வாட்டி பண்ணா. எடுக்கல. டாக்டருகிட்ட பண்ணவே இல்லன்னு சொல்லிட்டேன். அப்பவே வந்திருந்தா ஊசி போட்டிருப்பாங்க. பேச்சு போயிருக்காது."

சிங்காரவேல் பிடித்திருந்த கையை உதறினான். "அடப்பாவி!" என்றான். மாமா என்கிற மரியாதை போயிற்று. "இத மனசுல வச்சிக்கினுதான் மூணு மாசமா சட பின்னிக்கினு இருந்தியா? இனிமே ஒரு நிமிசம் வுடமாட்டேன் இங்க. வெண்மதி, துணிய எடுத்து வையி. எழுந்திருக்கா, போலாம்."

அமிர்தம் சரி என்று சொல்லவில்லை. இடது கையால் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்தாள். தம்பி தோளைப் பிடித்துத் தூக்கினான். அவள் விடவில்லை. விரல் கணுவெல்லாம் வெளுத்துப்போகிற அளவுக்குப் பிடித்திருந்தாள். மறுபடி இழுத்தான். தொண்டையிலிருந்து உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"வுடுங்க" என்றாள் வெண்மதி. "அவங்களுக்கு இஷ்டமில்ல. தெரியலியா ஒங்களுக்கு?"

சிங்காரவேல் வாசலில் நின்று கத்தினான், காறித் துப்பினான், பிறகு அழுதுகொண்டே காரில் ஏறினான்.

வைத்திலிங்கம் ஒரு நிமிஷம் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டார். போகமாட்டேன் என்றாளே, மன்னித்துவிட்டாளோ என்று ஆசையோடு கிட்டே போனார். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மன்னிப்பாம், மண்ணாங்கட்டியாம்! இருபத்தாறு வருஷம் கூட்டி மெழுகின வீடு. இவர் செய்த தப்புக்கு அவள் எதற்காகப் பெட்டி கட்ட வேண்டும்?

அது புரிந்ததும் அவர் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். என்ன செய்வது என்று தெரியவில்லை. எழுந்து போகவும் தைரியமில்லை. வேறு வழியில்லாமல் பேச ஆரம்பித்தார்.

"அன்னிக்கி நான் இங்கேர்ந்து கெளம்பறப்பவே பசி. கேன்டீன்ல ரெண்டு இட்லி சாப்ட்டேன். பெல்ட்டு ஒரு எடத்துல ஒதுங்கி ஓடிக்கினு இருந்துச்சி, அதப் பாத்துக்கினு நின்னேன். அப்பதான் போன் அடிச்சிது. நீதான்னு தெரியும். எடுக்கறப்பவே சிரிப்பு வந்துச்சி எனக்கு. அப்பறம் காலில நீ சொன்னதெல்லாம் ஞாபகம் வந்து கோவம் வந்துச்சி. 'ம்'னு கேட்டுச்சி. அந்தச் சத்தம் வேற மாதிரி இருந்துச்சி. வேற மாதிரி இருக்குதேன்னு தோணுச்சி. தோணியும் கட் பண்ணேன்."

இதை அவர் அதுவரை தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

மேலேயிருந்து அமிர்தத்தின் இடது கை வந்து அவர் தலையில் விழுந்தது. தடவ வந்த கை இல்லை. அடித்தாள். மறுபடி அடித்தாள். உச்சியில், காதில், கன்னத்தில், கை போன இடத்திலெல்லாம் அடித்தாள். ஒற்றைக் கைதான், ஆனால் மூன்று மாத காலமாக இரண்டு கை வேலையையும் செய்து உரமேறிய கை. காது ஜிவ்வென்றது. கன்னம் எரிந்தது. வைத்திலிங்கத்துக்கு வலித்தது. வலி தாங்காமல் வாய்விட்டு அழுதார். அழுதாரே தவிரத் தலையை விலக்கவில்லை.

"ரெண்டாவது வாட்டி நீ பண்ணப்ப…" என்று மேற்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.