பவனின் செப்டம்பர்

ஆப்பில் தேதியைக் கூட்டுவதற்கு பவன் தானே ஒரு ஃபங்ஷன், அதாவது சில வரி நிரல், எழுதியிருந்தான். தேதியோடு ஏழு நாளைக் கூட்டு. முப்பத்தொன்றைத் தாண்டினால் முப்பத்தொன்றைக் கழித்துவிட்டு அடுத்த மாதத்துக்குப் போ. அவ்வளவுதான். இதற்கென்றே பலர் வருடக்கணக்கில் எழுதித் திருத்திய நிரல், லைப்ரரி என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. பவன் அதைத் தொடமாட்டான். அப்பாவுக்கு ஸ்பின்னிங் மில். காந்திபுரத்தில் அவருடைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் கம்பெனி நடத்துகிறவனுக்கு அடுத்தவர் எழுதியது எப்படி ஆகும்?

நான் பி.எஸ்சி. கணிதம். அங்கே ஒன்றரை வருடமாக வேலை பார்த்து வந்தேன். எனக்குச் சத்தமாகப் பேச வராது. ஜூலையில் அந்த ஃபங்ஷனைப் படித்துவிட்டு அவன் மேசைக்குப் போனேன்.

"எல்லா மாசத்துக்கும் முப்பத்தொரு நாள் இல்லீங்க."

"ஏனுங்க ஜோவிதா, அது ஒண்ணாங்கிளாஸ் பையனுக்கே தெரியும். ஓட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க."

"சரியா வந்துச்சா?"

"இப்ப வருமுங்க. ஜூலை, ஆகஸ்டு ரெண்டும்..."

"வருதில்ல? உடுங்க."

பக்கத்தில் வம்சி சிரித்தான். வம்சி பவனின் சித்தி மகன். பவன் சிரிக்கும்போது சிரிப்பதற்காக அவனுக்குச் சம்பளம் போனது.

கோவில்களுக்கான ஆப் அது. கத்தோலிக்கக் கல்யாணம் என்றால் அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை, இரு வீட்டாரின் கோவிலிலும், பூசையில் ஓலை வாசிப்பார்கள். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், அப்பா அம்மா பெயர். இந்தத் திருமணத்துக்குத் தடை இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் சொல்லலாம். முதல் ஞாயிறைக் கொடுத்தால் போதும். மற்ற இரண்டையும் ஆப் கணக்கிட்டு, அந்தந்த நாளில் வாசிப்பவரின் போனுக்குப் பெயர்களை அனுப்பிவிடும். எங்கள் கோவில்தான் முதலில் வாங்கியது. ஜூலையும் ஆகஸ்டும் பிசகில்லாமல் ஓடியது. இரண்டும் முப்பத்தொரு நாள் மாதங்கள். பவன் அதைத் தன் திறமை என்று நினைத்துக்கொண்டான்.

எனக்கும் போத்தனூர் ஜோஸுக்கும் அக்டோபர் எட்டாம் தேதி கல்யாணம் வைத்திருந்தார்கள். ஜோஸ் ரயில்வேயில் சிக்னல் பிரிவு. எங்கள் முதல் ஓலை செப்டம்பர் இருபத்தொன்று. அதை வாசித்து முடித்ததும் பவனிடம் இன்னொரு தடவை சொன்னேன். ஆயுத பூஜை முடியட்டும் என்றான். பூஜையன்று சர்வருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்தான். ஃபங்ஷன் அப்படியே இருந்தது.

செப்டம்பர் இருபத்தெட்டோடு ஏழு, முப்பத்தைந்து. முப்பத்தொன்றைக் கழித்தால் நான்கு. ஆப் என்னுடைய மூன்றாம் ஓலையை அக்டோபர் நான்காம் தேதி அனுப்பியது. அன்று சனிக்கிழமை. சனிக்கிழமை யாரும் ஓலை வாசிப்பதில்லை.

ஞாயிறு பூசையில் தேவானந்தம் அங்கிள் போனைப் பார்த்து, முதல் ஓலைக்கு வந்த இரண்டு ஜோடிகளின் பெயரை வாசித்தார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெண்கள் பக்கத்தில் பல தலைகள் என்னை நோக்கித் திரும்பின. இரண்டு ஓலை வாசித்து மூன்றாவது நின்றால் ஊர் நினைப்பது ஒன்றே ஒன்றுதான். யாரோ தடை சொல்லியிருக்கிறார்கள்.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்தேன். அவர் கோவிலின் பங்குப் பேரவைச் செயலாளர். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"அங்கிள், என் பேரை உட்டுட்டீங்க."

"ஆப்புல வரலியே கண்ணு."

"போன ரெண்டு வாரமும் நீங்கதானுங்க வாசிச்சீங்க?"

"ஆமா, நல்லா ஞாபகம் இருக்குது."

"அப்ப இது மூணாவது வாரம்னு தெரியுமில்லீங்க?"

"தெரியாம என்ன? அதுக்காக ஆப்புல இல்லாததை வாசிச்சுப்போட முடியுமா கண்ணு?"

பவனுக்குப் போன் செய்தேன். அஞ்சே நிமிசம் என்றான். ஐந்து நிமிடத்தில் சரிசெய்தும் விட்டான். போனிலேயே அந்த நிரலை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தொன்று இருந்த இடங்களில் எல்லாம் முப்பது என்று மாற்றியிருந்தான். அக்டோபருக்கு எத்தனை நாள் என்று நான் அவனுக்குச் சொல்லவில்லை.

அதற்குள் ஜோஸ் கூப்பிட்டார். போத்தனூர் கோவிலில் காகிதத்தைப் பார்த்து மூன்று ஓலையும் ஒழுங்காக வாசித்துவிட்டார்கள்.

"உங்க கோயில்ல வாசிக்கலையாமே? அம்மாவுக்கு ஆரோ போன் பண்ணிச் சொல்லியிருக்காங்க."

"ஆப் தப்பாக் கணக்குப் போட்டிருச்சுங்க. செப்டம்பருக்கு முப்பது நாள்தானே? எங்க ஓனர் முப்பத்தொண்ணுன்னு எழுதி வெச்சிருக்காரு."



"இது நம்பற மாதிரியா இருக்குது?"

"நெசந்தானுங்க."

"ஜோவிதா, ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிரு. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். மண்டபத்துக்கெல்லாம் சொல்லோணுமில்ல."

"என்ன இருக்கோணும்?"

"எனக்கெப்படித் தெரியும்? நீதான் சொல்லோணும்."

அவரே ஒரு வழி சொன்னார்.

"சரி, அந்த ஆப்புல என்ன எழுதியிருக்குதுன்னு ஃபோட்டோ எடுத்து அனுப்பு."

பழைய ஃபங்ஷன் என் லேப்டாப்பில் இருந்தது. மூன்றே வரி. வீட்டுக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

"ஐடில இருக்கற ஃப்ரெண்டு ரூபன்கிட்டக் காட்டினேன். நீ சொன்னது சரிதான்னு சொன்னான். இப்ப நம்பறேன். ஸாரி டா."

செப்டம்பருக்கு முப்பது நாள். அதற்கு ரூபன் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு முறை படித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கோவிலுக்கு நடந்தேன்.

ஃபாதர் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். தேவானந்தம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார் போலும்.

"வாம்மா. ஆப் கோளாறாமே? சாயங்காலப் பூசையில நானே வாசிச்சிடறேன். போதுமா?"

"வேண்டாங்க ஃபாதர்."

"அடுத்த ஞாயிறு வரைக்கும் தள்ள முடியாதும்மா. புதன்கிழமை கல்யாணமாச்சே."

"அடுத்த ஞாயிறும் வேண்டாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். என் கையில் போன் அதிர்ந்தது. ஜோஸ்தான். "அம்மாவும் நம்பிட்டாங்க" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரித்த முகம் போட்டிருந்தார்.

போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். என் குரல் எப்போதுமே சின்னது. ஃபாதர் காதில் சரியாக விழுந்திருக்காது. கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, முழுதாகச் சொன்னேன்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாங்க."