எந்தப் புள்ளையோட பேரு

மண்சரிவுக்குப் பிறகு வெள்ளைக்கல் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைகள் குறைந்திருக்க வேண்டும். மாறாக, யாருக்கும் தெரியாத ஒரு பிள்ளை கூடியிருந்தது. அந்தச் செய்திதான் 1958 தை மாதத்தில் ஞானேஸ்வரியைப் பதுளைக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்திலிருந்து ஹாலிஎலைக்கு மேலே மலையேற வைத்தது.

ஞானேஸ்வரி சிறுவர் பராமரிப்பு அலுவலர். சொந்த ஊர் சாவகச்சேரி. திணைக்களம் புதிது. பதுளையில் அதற்கென்று இரண்டு மேசைகளும் கதவு சரியாக மூடாத ஓர் அலுமாரியும் இருந்தன. மேலதிகாரி கனகரத்தினத்துக்கு இந்தப் பயணம் பிடிக்கவில்லை.

"தோட்டத்துப் பிள்ளையெண்டால் தோட்டத் துரை பாக்கட்டும். அவையளைப் பிரசையெண்டே அரசாங்கம் ஏற்கேல்லை. நாங்கள் ஏன் தலையைக் குடுப்பான்?"

"தோட்டத்துப் பிள்ளையெண்டு ஆர் சொன்னது சேர்? ஆரின்ரை பிள்ளையெண்டே ஒருத்தருக்கும் தெரியாதாம்."

கனகரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, போட்டு வாரும்" என்றார்.

மார்கழி மழையில் மேல் லயத்து வரிசை வீடுகளில் ஒரு பாதி மண்ணோடு போயிருந்தது. செத்தவர்களில் யாகோப்பு, சூசையம்மா தம்பதியின் ஒரே மகளும் ஒருத்தி. மரியகொரட்டி, ஆறு வயது. தோட்டத்து மாதா கோயிலுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அடக்கம் முடிந்த சில நாட்களில், ஒரு காலை வேளை, சரிந்த மண்ணின் மேலிருந்து அதே வயதுப் பெண்பிள்ளை ஒன்று தனியாக இறங்கி வந்து கோயில் படியில் உட்கார்ந்தது. உடம்பெல்லாம் சேறு. என்ன கேட்டாலும் பதில் இல்லை. சூசையம்மாதான் கூட்டிப்போய்க் குளிப்பாட்டிச் சோறு கொடுத்தாள்.

மறுநாள் சூசையம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது பிள்ளை முதன்முதலாக வாய் திறந்தது.

"கருகுனத அப்பாவுக்கு வையிம்மா. எனக்கு வேணாம்."

மரியகொரட்டி தினமும் சொல்லும் சொல் அது. குரலும் அவளுடையதுதான். அன்று வீட்டை விட்டு இறங்கிய யாகோப்பு, அதன் பிறகு அண்ணன் லூக்காஸின் காம்பிரா அறையில்தான் படுக்கிறான். கல்யாணமான நாளிலிருந்து மனைவியை விட்டு ஒரு நாள் கூட வெளியே படுக்காதவன்.

ஞானேஸ்வரி போனபோது பிள்ளை சுவரோரம் உட்கார்ந்து தேயிலைக் கொட்டைகளை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. ஒல்லியான உடம்பு. இடது கணுக்காலில் பழைய தீக்காயத் தழும்பு.

"உங்கடை மகளைப் போலயோ இது இருக்கு?" என்று சூசையம்மாவிடம் கேட்டாள்.

"இல்லீங்க மிஸ். எம் புள்ள வட்ட முகம். கறுப்பு. இது வேற முகம்."

"அப்ப ஏன் உங்கடை பிள்ளையெண்டு சொல்லுறியள்?"

"நான் சொல்லல மிஸ். அதுதான் சொல்லுது."

வாசலுக்கு வெளியே நின்ற யாகோப்பு உள்ளே வராமலே பேசினான். "எம் மகள நானே தூக்கிப் பொட்டியில வச்சேன். நானே மண்ணு போட்டேன். இத மகள்னு சொன்னா அங்க படுத்திருக்கிறவளுக்கு யாருங்க அப்பன்?"

பிள்ளை தலையைத் தூக்கி அவனைப் பார்த்துச் சிரித்தது. அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

சட்டம் தெளிவாக இருந்தது. சொந்தக்காரர் யாரென்று தெரியும்வரை பிள்ளை அரசாங்கத்தின் பொறுப்பு. பதுளையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பிள்ளைகள் இல்லத்தில் விட வேண்டும். சூசையம்மா அழவில்லை. தலை வாரி, ரிப்பன் கட்டி, கையைப் பிடித்து ஞானேஸ்வரியிடம் கொடுத்தாள்.

பஸ்ஸில் பிள்ளை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தது. ஒரு வளைவில் பஸ் ஆடியபோது ஞானேஸ்வரியின் சேலையைப் பிடித்துக்கொண்டது.

"மிஸ், கொஞ்சம் மெதுவா போகச் சொல்லுங்க. இந்தப் புள்ள பயப்புடுது."

"எந்தப் பிள்ளை?"

பிள்ளை தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டியது. "இதுதான். இது பஸ்ஸுல வந்ததே இல்ல போலருக்கு."

ஞானேஸ்வரி பக்கத்து இருக்கைகளைப் பார்த்தாள். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.  சேலையைப் பிடித்திருந்த பிள்ளையின் கை சூடாகவே இருந்தது.

திகிலடைந்த பிள்ளைகள் இப்படிப் பேசுவதுண்டு என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பெற்றோரை இழந்த பிள்ளையாக இருக்கும். ஒரு தாய் வாய் ஓயாமல் மகளைப் பற்றிப் புலம்புவதைக் கேட்டு அதையே பிடித்துக்கொண்டிருக்கும். பயிற்சியின்போது அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இல்லத்துச் சிஸ்டரும் முதலில் அதையே சொன்னார். பிறகு அவருக்கும் சந்தேகம் வந்தது. பிள்ளைக்கு மாதாவை வேண்டும் அருள்நிறை மந்திரம் பிழையில்லாமல் தெரிந்திருந்தது. தோட்டத்துக் கோயிலில் பாடும் பாட்டுகள் தெரிந்திருந்தன. சில வேளைகளில் மட்டும், விளையாடிக்கொண்டிருக்கும்போதே, சட்டென்று அசையாமல் நின்றுவிடும். கிட்ட நின்று கூப்பிட்டாலும் திரும்பாது. மணி அடித்தாலும் திரும்பாது. சற்று நேரம் கழித்து, தூங்கி எழுந்ததுபோலக் கண்ணைக் கசக்கிக்கொண்டு பேசத் தொடங்கும்.

பொலிஸ் மூலம் எல்லாப் பக்கமும் விசாரித்ததில், மாசி மாதம் ஹல்துமுல்லையிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் யோகம்மா. அவளுடைய அண்ணன் சின்னராசா, பெண்டாட்டி செத்தபின், மகள் லீலாதேவியைக் கூட்டிக்கொண்டு ஹாலிஎலைப் பக்கம் வேலை தேடி மழைக்குள்ளேயே நடந்து போனானாம். பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பிள்ளையின் இடது கணுக்காலில் அடுப்பில் சுட்ட தழும்பு இருக்கும் என்றாள்.

ஞானேஸ்வரிக்கு மனம் லேசானது. எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிட்டது.

அவர்கள் இல்லத்துக்குப் போனபோது பிள்ளை முற்றத்தில் முதுகு காட்டி உட்கார்ந்து கோடு கிழித்துக்கொண்டிருந்தது. யோகம்மா பார்த்ததும் அழுதுவிட்டாள்.

"எங்க லீலாதான் மிஸ். நான் தூக்கி வளர்த்த புள்ள. கூப்புட்டா கேக்காது. கிட்டப் போய்த்தான் தொடணும்."

"ஏன் கேக்காது?"

"பொறவியிலேயே காது கேக்காதுங்க. பேச்சும் கெடையாது. ஒரு சொல்லு பேசுனதில்ல."

 ஞானேஸ்வரி, செய்திருக்கக் கூடாது என்று பின்னாளில் நினைத்த காரியத்தைச் செய்தாள். இரண்டு கைகளையும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டினாள்.

பிள்ளை திரும்பிப் பார்த்தது. எழுந்து ஓடி வந்தது. "மிஸ், எங்கம்மா வந்திருக்காங்களா?" என்று கேட்டது. யோகம்மாவை நிமிர்ந்து பார்த்து, மரியாதையாகக் கும்பிட்டு, "இவங்க யாரு?" என்றது.

யோகம்மா பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள். சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. அப்போது அதன் வலது கை, அது அறியாமலே நீண்டதுபோல நீண்டு, யோகம்மாவின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டது. முகத்தில் அந்நியரைப் பார்க்கும் பார்வைதான் இருந்தது. கை மட்டும் விடவில்லை. யோகம்மா அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு வெளியே ஓடினாள். அவள் திரும்பி வரவேயில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் காதைப் பார்த்துவிட்டுக் குறை ஒன்றும் தெரியவில்லை என்றார். "முந்தியும் கேட்டிருக்கும். சனம் சும்மா ஊமையெண்டு விட்டிருக்கும்" என்று கனகரத்தினம் முடிவு சொன்னார். அந்த முடிவு அவருக்குப் போதுமாயிருந்தது.

சூசையம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் மலையிலிருந்து பதுளைக்கு வந்துகொண்டிருந்தாள். பங்குனியில் ஒருநாள் ஞானேஸ்வரியின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"புள்ளைய என்கிட்ட குடுங்க மிஸ்."

"அம்மா, ஒண்டு கேக்கிறன். உங்கடை மகள் செத்துப்போனது உங்களுக்கு விளங்குதுதானே?"

"நாந்தானே குளிப்பாட்டுனேன். மூக்குக்குள்ள இருந்த மண்ண நாந்தானே எடுத்தேன். எனக்குத் தெரியாதாங்க?" அவள் குரல் உடையவில்லை. "ஆனா அது என்னையக் கூப்புடுது. கூப்புட்டா போகாம எப்படி மிஸ் இருக்கிறது?"

பிள்ளையைத் தகுந்த ஆளிடம் ஒப்படைக்க நீதவானுக்கு அதிகாரம் இருந்தது. இந்தப் பெண்ணை விடத் தகுந்த ஆளை ஞானேஸ்வரிக்குத் தெரியவில்லை. யாகோப்புவின் சம்மதமும் வேண்டும். அவன் நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "சோறு போடுறேன். துணி எடுத்துக் குடுக்கிறேன். அப்பான்னு கூப்புடக்கூடாது."

நீதிமன்றத்தில் பிள்ளை கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் நின்றது. நீதவான் அன்பாகத்தான் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார்.

"பிள்ளை, உன்ரை பேர் என்ன?"

பிள்ளை கொஞ்சம் யோசித்தது. "எந்தப் புள்ளையோட பேரு?" என்று கேட்டது.

மொழிபெயர்ப்பாளர் ஞானேஸ்வரியைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்தாள். "பிள்ளை வெட்கப்படுகிறது, ஐயா" என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். லீலாதேவி என்று கட்டளையில் எழுதப்பட்டது. வெளியே வந்து சூசையம்மாவின் இடுப்பில் ஏறிய பிள்ளை, "பாவம் அது, அதுக்குத் தன் பேரே தெரியாது. யாரும் கூப்புட்டு அது கேட்டதில்லையே" என்று மெல்லிய குரலில் சொல்லிற்று.

ஒப்படைத்த பிள்ளையை இடைக்கிடை போய்ப் பார்ப்பது அலுவலரின் கடமை. முதலிரண்டு தடவையும் ஞானேஸ்வரி போனபோது வீட்டில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. சூசையம்மா சதை போட்டிருந்தாள். ஆனால் பிள்ளை மெலிந்துகொண்டு வந்தது. நன்றாகச் சாப்பிடுகிறது என்றார்கள். அப்படியும் மெலிந்தது. யாகோப்பு இன்னும் அண்ணன் வீட்டில்தான் படுத்தான்.

மூன்றாவது தடவை அவள் போனது ஐப்பசி முடிகிற நேரம். மலையெங்கும் பனிமூட்டம். சூசையம்மா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். லயத்துக்குக் கீழே, தண்ணீர் விழும் பீலியடியில், யாகோப்பு விறகு பிளந்துகொண்டிருந்தான். பக்கத்தில் பிள்ளை சிராய்களைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தது. கன்னம் பூசினாற்போல் இருந்தது.

"லீலாதேவி" என்று ஞானேஸ்வரி கூப்பிட்டாள். பிள்ளை திரும்பவில்லை. கோடரி விறகில் விழும் சத்தத்துக்கும் அதன் கண் சிமிட்டவில்லை.

"அதுக்குக் கேக்காதுங்க மிஸ்" என்றாள் சூசையம்மா.

"எப்ப இருந்து?"

அவள் சுளகைக் கீழே வைத்தாள். "ஒருநா பீலிக்கிட்ட தனியா நின்னுச்சு. வாயத் தொறந்து தொறந்து மூடுது. கண்ணுல தண்ணி கொட்டுது. சத்தமே இல்ல. அப்பதான் மிஸ் எனக்கு வெளங்குனுச்சு, அழுவுறது எம் புள்ள இல்ல, மத்ததுன்னு. எம் புள்ள நாள் முழுக்கப் பேசிக்கிட்டுச் சிரிச்சிக்கிட்டுக் கெடந்தா. இதுக்கு அழுவுறதுக்குக்கூட எடமில்லாம ஆக்கிட்டோம். இதுவும் ஒருத்தி பெத்ததுதானே?"

"பிறகு?"

"வீட்டுக்குள்ள கூட்டியாந்து ரெண்டு கையையும் புடிச்சிக்கிட்டேன். 'தங்கம், அம்மாவுக்கு ஒன்னையப் பாத்தது போதும். நீ போயிரு சாமி. இந்தப் புள்ள பொழைக்கட்டும்'னு சொன்னேன்."

ஞானேஸ்வரிக்குக் கேட்கப் பயமாக இருந்தது. இருந்தும் கேட்டாள். "என்ன சொன்னது?"

"கொஞ்ச நேரம் என்னையே பாத்துச்சு. 'மழை பெய்யிதும்மா, விட்டதும் போறேன்'னுச்சு." சூசையம்மா பீலிப் பக்கம் பார்த்தாள். "அன்னிக்குப் பூரா மழை விட்டுறக்கூடாதுன்னு மாதாவை வேண்டிக்கிட்டே இருந்தேன் மிஸ். சாயங்காலம் விட்டிருச்சு."

 கீழே யாகோப்பு கோடரியை வைத்துவிட்டுப் பிள்ளையின் தோளைத் தொட்டான். கையால் ஏதோ சைகை காட்டினான். பிள்ளை விறகுக் கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு மேலே வந்தது. அவன் இப்போது வீட்டில்தான் படுக்கிறான் என்று சூசையம்மா சொன்னாள். பிள்ளை ஞானேஸ்வரியை நேராகப் பார்த்தது. பல தடவை பார்த்த முகம்தான். கண்கள் புதியவை. ஞானேஸ்வரி சிரித்தாள். அதுவும் யோசித்து, கொஞ்சமாகச் சிரித்தது.

திரும்பும்போது பாதை வழுக்கும் என்று யாகோப்பு துணைக்கு வந்தான். காது கேளாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் கொழும்புப் பக்கம் இருக்கிறது, அடுத்த வருடம் எழுதிப் பார்க்கலாம் என்று ஞானேஸ்வரி சொல்லிக்கொண்டே நடந்தாள். அவன் "ஆமாங்க, ஆமாங்க" என்று கேட்டு வந்தான். மாதா கோயில் வளைவில் பனி அடர்ந்திருந்தது. மரியகொரட்டியை அடக்கம் செய்த இடத்துச் சிலுவைகள் கூடத் தெரியவில்லை.

யாகோப்பு அங்கே நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"நீங்க முன்னால போங்க மிஸ். கீழ ரோட்டுல வந்து சேந்துக்கிறேன்."

அவள் தனியாக நடந்தாள். பின்னால் அவன் பேசுவது கேட்டது. இன்று எவ்வளவு விறகு பிளந்தான், லூக்காஸ் வீட்டு ஆடு என்ன குட்டி போட்டது என்று வீட்டில் பேசுவதுபோல் பேசினான். இடையில் நிறுத்தினான். ஒரு பிள்ளை கேள்வி கேட்டு முடிக்கும் நேரம் அந்த மௌனம் இருந்தது. பிறகு அவன் சிரித்து, அதற்குப் பதில் சொன்னான்.

ஞானேஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வழுக்காமல், பஸ் வரும் ரோட்டுக்கு இறங்கினாள்.